கண்ணாடியில் குடியிருந்த பேர்

அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் எழுபத்தைந்து காசு. தோணிரேவு கங்காதரன் பழவேற்காடு மரியம் பீவியிடம் வாங்கின கடன் அது. அறுநூறு ரூபாய் பெண்சாதி சரோஜாவின் வயிற்று ஆபரேஷனுக்கு. பன்னிரண்டு ரூபாய் பட்டணம் போய்வர. எழுபத்தைந்து காசு, கடன் வாங்கின அன்று கணக்கர் கோபால் வாங்கிக் கொடுத்த டீ. மனுஷன் பிரியமாக வாங்கித் தருகிறான் என்று நினைத்துத்தான் கங்காதரன் குடித்தான். கோபால் அதையும் சேர்த்து எழுதிவிட்டான்.

மரியம் பீவிக்கு இறால் வியாபாரம். ஏரியில் பிடிக்கிற இறாலை எடை போட்டு வாங்கி, ஐஸ் வைத்து, மெட்ராஸுக்கு லாரி ஏற்றுவார். அவர் கடையில் ஐஸ் உடைப்பதும் பெட்டி தூக்குவதும் கங்காதரன் வேலை. வாரக்கூலியில் பிடித்துப் பிடித்துக் கடன் கரைந்து நாற்பது ரூபாய்க்கு வந்துவிட்டது. ஆனாலும் ஊர்க் கண்ணுக்கு அவன் இன்னும் அறுநூற்றுப் பன்னிரண்டே முக்கால் ரூபாய்க் கடன்காரன்தான். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பண்ணின வேலை.

எண்பத்தேழாம் வருஷக் கடைசியில் அது வந்தது. இறால் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கணக்கை அச்சடித்துக் கேட்கிறார்கள் என்று பீவியம்மா பழசாக ஒன்றை வாங்கிப் போட்டார். கொண்டுவந்து வைத்தவன் தனசேகர் என்கிற மெட்ராஸ் பையன். கணக்கு எப்படி ஏற்றுவது என்று காட்ட, வாசலில் ஐஸ் பெட்டியோடு நின்ற கங்காதரனைப் பார்த்து, "உன் பேரு இன்னா?" என்று கேட்டுத் தட்டினான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாகப் பேர், ஊர், வாங்கின தொகை மூன்றும் வந்து நின்றன. கழித்த பணமெல்லாம் அடுத்த பக்கத்தில் போய் விழும் என்றான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான்.

கோபால் அந்த மிஷினை நிறுத்தவே இல்லை. ஐஸ் ரூம் மிஷினை நிறுத்தினால் உள்ளே இருக்கிற இறால் நாறிப்போகும். இதையும் நிறுத்தினால் உள்ளே வைத்த கணக்கு கெட்டுப்போகும் என்று அவன் மனசில் பதிந்துவிட்டது. கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று ஐஸ் ரூம் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தான். வேலை முடிந்ததும் முதல் கணக்கை எடுத்து வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவான். முதல் கணக்கு கங்காதரனுடையது. ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

கங்காதரன் நாற்பது வயசுக்கு மேல் முதியோர் பள்ளியில் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்றவன். இங்கிலீஷ் தெரியாது. பெட்டி தூக்கிப் போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து, கூடாரம் மாதிரி எழுத்து நாலு இடத்தில் வந்தால் அது தன் பேர் என்று தெரிந்துகொண்டான். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும், பக்கத்தில் அந்தத் தொகை இல்லாமல் இருந்திருந்தால்.

ஒருநாள் கரண்டும் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, மிஷின் தானாக அணைந்தது. கோபால் தலையில் கைவைத்துக்கொண்டான். கங்காதரன் எட்டிப் பார்த்தான். செத்த திரையில் நாலு கூடாரம் மங்கலாக நின்றது. பக்கத்தில் தொகையும் நின்றது. தோள் துண்டால் துடைத்தான். ஈரத்துணி வைத்துத் தேய்த்தான். போகவில்லை.

"கரண்டே இல்ல, இது எப்படி கோபாலு நிக்கிது?"

"உன் கடன் அவ்ளோ கெட்டி" என்றான் கோபால்.

அதிலிருந்து அந்த விந்தை ஊரெல்லாம் பரவியது. இறால் எடை போட வருகிறவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, நம்பர் எல்லாருக்கும் தெரியும்.

இது வேடிக்கையோடு போயிருந்தால் கங்காதரன் கவலைப்பட்டிருக்க மாட்டான். சரோஜாவின் அண்ணன் கோதண்டம் அந்தச் சமயம் தன் தோணிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். ஏரியில் முறை வைத்து மீன் பிடிக்கிற உரிமைக்குப் பாடு என்று பேர். கோதண்டத்துக்கு அந்த வருஷம் நல்ல இடத்தில் பாடு விழுந்திருந்தது. ஐஸ் தண்ணீரில் விரலெல்லாம் வெந்து வெளுத்த கங்காதரனுக்கு, அந்தத் தோணியில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"எனக்கு ஆசைதான் மச்சான்" என்றான் கோதண்டம். "கூட வர்றவங்க ஒத்துக்கணும்ல. கடன் வெச்சிருக்கிறவன சேத்தா, தோணி கரையேறுற ரேவுலயே உன் பங்க வியாபாரி புடிச்சிக்குவான், அப்புறம் எங்க பங்கு மேலயும் கை வைப்பான்னு பயப்படறாங்க."

"நாப்பது ரூபாதான்யா பாக்கி."

"நீ சொல்ற. கண்ணாடி வேற சொல்லுதே."

அடுத்த வாரம் மிஷினைப் பார்க்கத் தனசேகர் வந்தான். கண்ணாடியைப் பார்த்ததும் கோபாலைப் பிடித்துக்கொண்டான். "வருஷம் பூரா அணைக்கலியா? ஒரே எடத்துல எழுத்து எரிஞ்சிக்கினே இருந்தா, உள்ள பூசியிருக்கிற மருந்து தேஞ்சி போயிடும் சார். அந்தத் தழும்பு இனிமே போவாது."

"புதுக் கண்ணாடி இன்னா விலை?" என்றார் பீவியம்மா. அவன் சொன்னதைக் கேட்டு, "அல்லா! அந்தக் காசுக்கு ரெண்டு வலை வாங்கலாமே" என்று அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

தனசேகர் பையிலிருந்து மூன்று பிளாப்பி எடுத்தான். "மூஞ்சியவாவது மாத்திடலாம்மா. திறந்ததும் கணக்கு வராம, முதல்ல ஒரு முகப்பு வரும். மூணு தினுசு இருக்கு. புடிச்சத சொல்லுங்க."

"மூணையும் பிரிச்சிப் போடு" என்று பீவியம்மா புடவைக் கடையில் உட்கார்வதுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐஸ் பெட்டி தூக்க வந்த கங்காதரன் கதவோரம் நின்றுவிட்டான். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முதல் பிளாப்பி திரை முழுக்கப் பச்சையாக வெளிச்சம் அடித்து, எழுத்தைக் கறுப்பில் காட்டியது. நடுவில் இன்னொரு கறுப்பும் தெரிந்தது. நாலு கூடாரம், பளிச்சென்று, முன்னைவிட நன்றாக.

"போஸ்டரே அடிச்சிட்டாங்கடா உனக்கு" என்று கோபால் சிரித்தான்.

"எடு, எடு" என்றார் பீவியம்மா.

இரண்டாவது, கறுப்பில் பூவேலை போட்ட கரையும், கட்டம் கட்டமாகப் பொம்மையும் உள்ளது. கணக்குக்கு ஒரு புத்தகப் பொம்மை, அச்சடிக்க ஒரு காகிதப் பொம்மை. பீவியம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "இதான். எவ்ளோ லட்சணமா கீது பாரு."

"அணைச்சா தம்பி?" என்று கேட்டான் கங்காதரன்.

தனசேகர் அணைத்துக் காட்டினான். பூ போனது, பொம்மை போனது. கங்காதரன் போகவில்லை.

மூன்றாவதைப் போட்டதும் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்றான் கோபால்.

"இல்ல சார். இதுல எல்லாத்தையும் நாமளே வரையணும். கோடு, கட்டம், எது எங்க நிக்கணும், எல்லாம் நம்ம இஷ்டம். ஒருத்தரும் வாங்கறதில்ல."

"வெறுஞ்சீலைய வாங்கி நானே பூப்போடணுமா? வேணாம்ப்பா. ரெண்டாவதையே போடு" என்று பீவியம்மா எழுந்தார்.

கங்காதரன் பெட்டியைக் கீழே இறக்கினான். "தம்பி, ஒரு சந்தேகம். எழுத்து நின்னா தழும்பு வுழுது. கோடு நின்னாலும் வுழுமா?"

"எது நின்னாலும் வுழும்."

"அப்போ என் பேரு மேல ஒரு கோடு போட்டு, அதையே வருஷம் பூரா எரிய வுட்டா?"

தனசேகர் சிரித்துவிட்டான். "அடிச்ச கணக்கு மாதிரி இருக்கும். அணைச்சாலும் அடிச்ச மாதிரியே இருக்கும்!"

"கோபாலுக்கும் சௌரியம்" என்றான் கங்காதரன். "அவரு பாட்டுக்கு அணைக்காம வெச்சிருக்கலாம்."

பீவியம்மா சிரிக்கவில்லை. வியாபாரி முகம் வந்துவிட்டது. "நல்ல யோசனைதான். ஆனா தீராத கணக்க நான் அடிக்க மாட்டேன் கங்கா. நாப்பது ரூபா நிக்கிது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

கங்காதரன் மடியில் நாலு ரூபாய்தான் இருந்தது. வாரக்கூலியில் கழித்து முடிப்பதற்குள் கோதண்டம் தோணியைத் தள்ளிவிடுவான். வாயில் வந்ததைச் சொன்னான்.

"ஒரு வருஷமா என் பேரு உங்க கண்ணாடியில குடியிருக்குது பீவிம்மா."

"இருந்தா?"

"என்னைக் கேட்டா வெச்சீங்க? ஊர் ஜனம் பூரா என்னைப் பாக்கறேன்னு உங்க சன்னலாண்ட வந்து நின்னுது. காட்டூர்க்காரன்கூட வேற எடத்துக்குப் போவ வேண்டிய இறால இங்க கொண்டாந்து கொட்டிட்டு, எட்டிப் பாத்துட்டுப் போனான். அந்த வியாபாரத்துல என் பேருக்கு ஒரு கூலி கெடையாதா?"

கோபால் இரும ஆரம்பித்தான். காட்டூர்க்காரன் வந்தது நிஜம். அந்த எடையைப் போட்டவனே அவன்தான்.

பீவியம்மா திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுத்துக் கத்துக்கினியே, வக்கீலுக்குமா படிச்சே?"

"ஐஸ்தான் பீவிம்மா ஒடைக்கிறேன்."

"இருபது தள்ளுறேன்."

"டீ காசையும் அதுல போட்டிருக்காரு கோபாலு. நான் கேட்டா குடிச்சேன்?"

பீவியம்மாவுக்கு அது தெரியாது. கோபால் பக்கம் திரும்பினார். கோபால் மேசைக்கடியில் எதையோ தேடினான். "டீக்குக் கணக்கா?" என்றார் பீவியம்மா. "என் கடையில ஒரு மனுஷன் குடிச்ச டீக்கா?" அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "நாப்பதும் போச்சு. தள்ளிட்டேன். தம்பி, அந்த மூணாவத போடு. எந்தக் கட்டைய அழுத்தணும், காட்டு."

அம்புக்குறி போட்ட கட்டையைத் தனசேகர் காட்டினான். பீவியம்மா விரலால் விடாமல் அழுத்தினார். பச்சைக் கோடு இடதுபக்கம் கிளம்பி, மங்கலாக நின்ற நாலு கூடாரத்தின் மேலேயும் ஊர்ந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாயைத் தாண்டி, டீ காசு வரைக்கும் போய் நின்றது.

சாயங்காலம் இறால் கொண்டுவந்த கோதண்டம் சன்னலில் தலையை நீட்டினான். வெயில் சாய்ந்து கண்ணாடியில் அடித்தது. தழும்பும் தெரிந்தது, மேலே கோடும் எரிந்தது.

"இன்னா மச்சான், அடிச்சிட்டாங்களா?"

"பீவிம்மாவே அவங்க கையால அடிச்சாங்க."

"அப்போ விடிஞ்சதும் தோணியாண்ட வந்துடு. துண்டு கொண்டா, அங்க ஐஸ் கெடையாது, வேர்க்கும்."

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் கங்காதரன் தன் பங்கு இறாலை எடை போடக் கொண்டுவந்தான். மிஷின் அன்று அணைந்து கிடந்தது. சன்னல் வழியாகப் பார்த்தான். பேர் இருந்தது. தொகை இருந்தது. இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள்ளேயே ஊறிப்போய்க் கோடும் இருந்தது.

கோபால் தராசில் கல்லை வைத்துக்கொண்டே, "டீ குடிக்கிறியா?" என்றான்.

"காசு நான் குடுக்கறேன்" என்றான் கங்காதரன். "நீ குடி."