மழையில் தூக்கிய கட்டைவிரல்

1

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். மழைச் சத்தத்தில் என் குரல் எட்டாது. ஒரு கதை சொல்கிறேன். இதில் யாரும் சாக மாட்டார்கள். நனைவார்கள், அவ்வளவுதான். நம்பி உட்காரலாம்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், அதிராம்பட்டினம் தாண்டிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். கொட்டுகிற மழை. சாலையோரம் ஒரு பெண். முகம் தெரியாதபடி தலையை மூடிய நீல மழைக்கோட்டு, முதுகில் நெல் மூட்டை மாதிரி ஒரு பை. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் ஓட்டுநர் சிரித்தார். ‘சூப்பர்’ என்பதுபோலத் தானும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, நிறுத்தாமல் போனார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். “நிறுத்துங்க தம்பி” என்று சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது அந்த ஒரு கட்டைவிரல்தான். மீதியை நான் சமைக்கிறேன். கதை எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் அடித்த வரிகளை ஒளித்துவைக்கவும் தெரியாது. அங்கங்கே கிடக்கும், தாண்டி வாருங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘இருபத்துமூன்று வயது வானதி கடலைப் பார்த்துக் கைகளை விரித்தாள். கடல் அவளை...’

கடல் அவளை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அடித்தாயிற்று.

இரண்டாவது: ‘வானதி வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவள் மனத்தில் ஒரு...’

ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. இந்த வானதி பிடி கொடுக்கவே மாட்டேன் என்கிறாள்.

பிறகுதான் அந்தக் கட்டைவிரலின் நகம் நினைவுக்கு வந்தது. ஓரம் கறுத்துத் தேய்ந்த நகம். முப்பது வருஷம் நடவுச் சேற்றில் ஊறினால்தான் அப்படி ஆகும். [ஓடுகிற பேருந்திலிருந்து நகம் தெரியுமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது.] அது இருபத்துமூன்று வயது விரலே இல்லை. ஆகவே பையைத் தூக்கியவள் கனகா, வயது ஐம்பத்துநாலு. ஒரத்தநாட்டுப் பக்கம் நாலு ஏக்கர் சம்பா நட்டு, களையும் எடுத்து முடித்தவள். வானதியை வீணாக்காமல் அவளுக்கு மகளாக்கிவிட்டேன்.

3

வானதி ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறாள். லீவு கிடைத்தால் பையை மாட்டிக்கொண்டு அங்கத்திய கடற்கரையோரம் நடக்கக் கிளம்பிவிடுவாள். கறுப்புப் பாறை, ஓயாத மழை, வழியில் வருகிற வண்டியில் கட்டைவிரலைக் காட்டி ஏறிக்கொள்வது. போட்டோ அனுப்புவாள். “அம்மா, அடுத்த தடவை நீயும் வா. பத்து நாள் நடக்கலாம்” என்றாள். பையும் மழைக்கோட்டும்கூட அனுப்பிவிட்டாள்.

கனகாவின் கணவர் பஞ்சநாதன் ஒத்துக்கொள்ளவில்லை.

“யாரு வீடு, எந்த ஊருன்னு தெரியாத இடத்துல உன்னால ஒரு நாள் இருக்க முடியுமா? பக்கத்து சீட்டுல சொந்தம் கண்டுபிடிக்காம நீ பஸ்ஸைவிட்டு எறங்கினதுண்டா?”

“இருப்பேன்.”

“அப்ப பந்தயம். கோடியக்கரையில ஏறு, மனோரா கோபுரத்துல எறங்கு. பஸ்ஸு கெடையாது. லிஃப்ட் கேட்டுத்தான் போகணும். ‘உங்க வீட்டம்மாவை இங்க பார்த்தேன்’னு ஒரே ஒரு போன் எனக்கு வந்துச்சு, ஸ்காட்லாந்து பேச்சை விட்டுடணும்.”

“வரலைன்னா?”

“டிக்கெட் போட்டுக்க.”

விடியற்காலை அவரே பைக்கில் கொண்டுபோய்க் கோடியக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பினார்.*

* எங்கள் கரையில் பாறை கிடையாது. வானதியின் கரை முழங்காலைச் சிராய்க்கும். எங்கள் கரை முழங்கால் வரை விழுங்கும். உளைச் சேறு, அலையாத்திக் காடு, உப்பளம், மழைக்குப் பிறகு சாலை என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று. கரடுமுரடுக்கு இது போதும்.

4

கனகா மகள் சொன்னபடி கட்டைவிரலைத் தூக்கினாள். முதல் வண்டிக்காரர் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டினார். இரண்டாமவர் ‘வெற்றி நமதே’ என்று கத்திவிட்டுப் போனார். மூன்றாவதாக உப்பு லாரி வந்தது. சீ போ என்று கட்டைவிரலை மடக்கிவிட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து, டவுன் பஸ்ஸை நிறுத்துவதுபோல் காற்றைத் தட்டினாள். லாரி நின்றது. ஓட்டுநர் ரெத்தினம்.

“எந்த ஊரும்மா?”

“மேற்காலங்க.”

“மேற்காலன்னா? யாரு வீடு?”

கனகா உப்பளத்தைப் பார்த்தாள். மழையில் உப்புக் குவியல்கள் கீற்றுப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நாக்கு நுனியில் ஊர், தெரு, மாமனார் பேர், கொழுந்தனார் பார்க்கும் வேலை எல்லாம் வரிசையில் நின்றன. விழுங்கினாள்.

ரெத்தினம் ஒரு டீக்கடையில் லாரியை ஓரம்கட்டினார்.

“மொதல்ல டீயைக் குடிங்க. கோவிச்சுக்கிட்டு வந்த வயித்துல ஒண்ணும் இருக்காது.”

“அய்யோ, நான் கோவிச்சுக்கிட்டு வரலைங்க.”

“எங்க அக்கா கோவிச்சுக்கிட்டு வந்தப்பகூட ஒரு மஞ்சப்பைதான். நீங்க வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்திருக்கீங்க.”

[பையோடு ஒரு பெண் தனியாக நின்றால், ஊர் சுற்ற வந்தவள் என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றாது.]

டீ ஆற்றியவர் கேட்டார்: “அடிச்சானா?”

பெஞ்சில் இருந்தவர்: “மாமியாரா?”

வடை போட்டவர்: “அட்ரசைச் சொல்லுங்க. நாலு பேரு போயிப் பேசி விட்டுட்டு வரோம். போன் நம்பரு இருக்கா?”

கனகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வடையோடு சேர்ந்து புரையேறியது.

“சிரிக்குது பாருங்க,” என்றார் ரெத்தினம் கவலையாக. “ரொம்ப நொந்துபோச்சு.”

டீக்கும் வடைக்கும் அவரே காசு கொடுத்தார். முத்துப்பேட்டையில் இறக்கிவிடும்போது, “கோவம்கிறது மழை மாதிரிம்மா, விட்ரும்” என்றார். வானதியின் ஸ்காட்லாந்தில் இது கிடைக்குமா?

5

முத்துப்பேட்டையில் கை தட்டியதும் நின்றது ஒரு லோடு ஆட்டோ. ஓட்டியவர் நீலாயதாட்சி. அறுபது வயது, மீனும் கருவாடும் வியாபாரம், குரல் கடலுக்குக் கேட்கும். பின்னால் கருவாட்டுக் கூடைகள்.

நீலாயதாட்சி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் ஆபத்து. கேட்டால் வாயை மூடலாம். கேட்காதபோது எப்படி மூடுவது?

“எங்க வீட்டுக்காரருக்கு நெத்திலிக் கருவாடுன்னா உசுரு அக்கா,” என்றாள் கனகா. “ஒரத்தநாட்டுச் சந்தையில ஒரு அம்மாகிட்டதான் வாங்குவாரு. நிறுத்துப் போட்டுட்டு மேல ஒரு கை அள்ளிப் போடுவாங்களாம்.”

ஆட்டோ நின்றது.

“அள்ளிப் போடுறவ நாந்தான். மேல ஒரு கைன்னு நச்சரிக்கிற ஆளு ஒருத்தருதான். நீ பஞ்சநாதண்ணன் சம்சாரமா?”

[இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு வெந்நீர் குடித்தேன்.]

நீலாயதாட்சி போனை எடுத்தார். கனகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தயத்தை, மகளை, பாறையை, மழையை ஒரே மூச்சில் சொன்னாள்.

“எல்லாவளும் இப்படித்தான் ஒரு கதை வச்சிருப்பாளுவ. இரு, ஒங்க வீட்டுக்காரரு குரலைக் கேட்டாத் தெரிஞ்சிடும். சண்டை போட்ட ஆம்பளை குரல் எனக்குத் தெரியும்.”

“அக்கா, என்னைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என் பொண்ணைப் பார்த்து மூணு வருஷமாச்சு.”

ஸ்பீக்கரில் மணி அடித்தது.

“அண்ணே, நீலாயதாட்சி. நெத்திலி வந்திருக்கு.”

“எடுத்து வைம்மா.”

“அண்ணி நல்லாருக்காங்களா?”

ஆட்டோக் கூரையில் மழை தடதடத்தது.

“நல்லாருக்கா.”

“வீட்லதான் இருக்காங்களா?”

“பின்ன எங்க இருப்பா? அடுப்படியில நிக்கிறா. போனைக் குடுக்கவா?”

கனகா வாயைப் பொத்திக்கொண்டாள். நீலாயதாட்சியும் பொத்திக்கொண்டார்.

“வேணாண்ணே. கை வேலையா இருப்பாங்க.”

“ஆமாமா. அங்க மழையாம்மா?”

“ஊத்துதுண்ணே.”

“பார்த்துப் போங்க. ரெண்டு பேரும்.”

போன் வைக்கப்பட்டது.

[‘ரெண்டு பேரும்’ என்பதை மூன்று முறை அடித்தேன், மூன்று முறை திரும்ப எழுதினேன். அது இருந்தால் பஞ்சநாதன் தெரிந்தே தோற்றவர். இல்லாவிட்டால், பொண்டாட்டி ரோட்டில் நிற்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டவர். உங்களுக்குத் தெரிந்த பஞ்சநாதன் எப்படியோ அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எப்படிப் படித்தாலும் ‘உங்க வீட்டம்மாவைப் பார்த்தேன்’ என்று எந்தப் போனும் வரவில்லை.]

6

அதிராம்பட்டினத்துக்கு அப்பால் நீலாயதாட்சி இறக்கிவிட்டார். போகும்போது ஒரு பொட்டலம் நெத்திலி கொடுத்தார், மேலே ஒரு கை அள்ளிப் போட்டு.

மழை இன்னும் வலுத்தது. இங்கே உள்ளங்கையைத் தட்டினால்தான் வண்டி நிற்கும் என்று கனகாவுக்கு இப்போது நன்றாகத் தெரியும். இருந்தும் கட்டைவிரலைத் தூக்கினாள். மகள் இருக்கும் ஊருக்கு இப்போதே பழகிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எங்கள் பேருந்து வந்தது.

பாருங்கள் வசதியை! பந்தயப்படி அவள் பேருந்தில் ஏறவே கூடாது. ஓட்டுநர் நிறுத்தாமல் போனது உபகாரம். நான் சிரித்தது வாழ்த்து. எழுதி முடித்துப் பார்த்தால், என்னை நானே மன்னிப்பதற்கு உப்பு லாரி, கருவாடு, ஸ்காட்லாந்து என்று இத்தனை தூரம் சுற்றியிருக்கிறேன். கள்ளி நான். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது, கண்ணுகளா. நனைந்தாள். அது மட்டும் நிஜம்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று பேருந்தின் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. ஓட்டியவர் முகம் தெரியவில்லை.

அது நீங்கள்தான். கட்டைவிரல் இன்னும் இறங்கவில்லை. மனோரா கொஞ்ச தூரம்தான். பிரேக் உங்கள் காலடியில் இருக்கிறது. ஏறினால், யாரு வீடு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவளாகவே சொல்லிவிடுவாள்.

உங்கள் வயலில் சம்பா சாயாமல் களம் சேரட்டும். உங்கள் வாசலில் யாருடையதென்று தெரியாத ஈரச் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் கிடக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வழியெல்லாம் வண்டி நிற்கட்டும். திரும்பி வரும்போது சோறு சூடாக இருக்கட்டும், மேலே ஒரு கை நெத்திலியோடு.