பிரிண்ட் எடுக்கத் திறந்த மெயில்

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக ஆபீஸ் காலியானதும் ஞானசுந்தரி அன்றைய மெயில்களைப் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தாள். ஆம்பூரின் அந்தத் தோல் கம்பெனியில் அது எழுதாத சட்டம். முதலாளி முக்தார் அகமது திரையில் எதையும் படிக்க மாட்டார். வந்த மெயிலும் அதன் வாலாக வந்த அட்டாச்மென்ட்டும் தாளாகி அவர் மேசைக்குப் போக வேண்டும். தொழுகை முடிந்து வந்து பச்சை மையில் குறிப்பெழுதுவார். ஒரு தாள் குறைந்தாலும் "மீதி எங்கம்மா?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே அவள் விளம்பரத்தைக்கூட விட்டுவைப்பதில்லை.

ஆறாவது மெயில் சாஃப்ட்வேர் கம்பெனி பெயரில் வந்திருந்தது. முத்திரை, நீல எழுத்து, கோர்ட் நோட்டீஸ் போல ஒரு மிரட்டல்: வைரஸ் பரவுகிறது, இணைத்துள்ள அப்டேட்டை உடனே போடவும். திறந்தால்தானே பிரிண்ட் வரும்? திறந்தாள். தாள் வரவில்லை. மோடத்தின் விளக்குதான் விடாமல் சிமிட்டியது. அவள் எதையும் அனுப்பவில்லை, ஆனாலும் ஏதோ போய்க்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் முகவரி தவறென்று இரண்டு மெயில்கள் திரும்பி வந்தன. இரண்டிலும் அனுப்பியது அவர்கள் கம்பெனி, உள்ளே அதே அப்டேட்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் வசந்துக்கு இன்னொரு லைனில் போன் போட்டாள்.

"மேடம், மொதல்ல மோடம் ஒயரப் புடுங்குங்க. எந்தக் கம்பெனியும் அப்டேட்ட மெயில்ல அனுப்ப மாட்டான். ஃபைல் பேரு கடைசில இன்னா இருக்கு?"

"டாட் ஈ எக்ஸ் ஈ."

"அது லெட்டர் இல்ல மேடம், ப்ரோக்ராம். அட்ரஸ் புக்ல இருக்கற எல்லாருக்கும் போயிருக்கும். அந்த மெஷின்லேர்ந்து மெயில் போடாதீங்க. அவங்க தொறக்கறதுக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடுங்க."

ஒயரைப் பிடுங்கினாள். எல்லாரையும் விட அவளுக்கு ஜெர்மனி கெல்லர்தான் நினைவுக்கு வந்தார். கம்பெனித் தோலில் முக்கால் பங்கு அவருக்குத்தான் போகிறது. அவர் ஆபீஸ் படுத்தால் ஆர்டரும் படுத்துவிடும். அங்கே காலை ஒன்பதுக்கு மெயில் பார்ப்பார், நமக்கு அது ஒன்றரை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐந்து. போனில் வெளிநாட்டு அழைப்புக்குப் போட்ட பூட்டின் நம்பர் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும், அவரோ பள்ளிவாசலில். பஜாரில் ஐ.எஸ்.டி. பூத்தும் ஜும்மாவுக்குச் சாத்தியிருக்கும்.

கூட வேலை பார்க்கும், சாப்பிடப் போயிருந்த சீனிவாசனும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவன்தான். யார் திறந்தது என்று மெஷின் சொல்லப்போவதில்லை. முன்பு இருந்த கம்பெனிக்குச் சீல் வைத்த பிறகு எட்டு மாதம் வீட்டில் சும்மா கிடந்தவள் அவள். இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதுவும் போனால்? பழியை அவன் பக்கம் தள்ள யோசித்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

பள்ளிவாசலுக்கு எதிரே, மூடிய கடை ஓரமாக, முந்தானையை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். உள்ளே தொழுகை முடிகிறதா, தொடர்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாக நீண்டது. கடைசியில் கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது. முக்தார் அகமது படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நீ இங்க?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"யார் தொறந்தது?"

"நாந்தான் சார். பிரிண்ட் எடுக்கறதுக்காகத் தொறந்தேன்."

ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அவர் நின்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வா," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ஆபீசில் ஒன்று முப்பத்தாறு. பூட்டு நம்பரையும் கெல்லர் நம்பரையும் அவரே அழுத்தி, ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

நான்காவது மணியில் கெல்லர் எடுத்தார். உற்சாகமாகக் காலை வணக்கம் சொன்னார். உங்களிடமிருந்து ஏதோ அப்டேட் வந்திருக்கிறதே என்றார்.

"சார், டோன்ட் ஓபன்! ப்ளீஸ் டோன்ட் ஓபன்!"

கத்திய குரல் ஒரு நொடி கழித்து அவள் காதுக்கே திரும்பி வந்தது. அவர் திறந்துவிட்டாரா, இல்லையா? ரிசீவரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முதலாளி தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.