எல்லை தாண்டாத கறி

பெல்கிரேடிலிருந்து வியன்னா போகும் பஸ்களில் அதுதான் மலிவு. ஹங்கேரி எல்லையில் வண்டிகளின் வரிசை தெரிந்ததுமே டிரைவர் மிலோயே வழக்கம்போல் குரல் கொடுத்தார்: "கறி வெச்சிருக்கவங்க இப்பவே தின்னு தீத்துடுங்க. அந்தப் பக்கம் விட மாட்டாங்க!"

ரொட்டியும் கத்தியும் இருக்கைக்கு இருக்கை கைமாறின. டெசாங்கா மட்டும் அசையவில்லை. வியன்னாவில் இருக்கும் மகன் நெனாத்துக்காக வீட்டிலேயே புகைபோட்ட பன்றிக்கறியைக் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒளித்து வைப்பாள், ஒவ்வொரு தடவையும் பிடிபடுவாள்.

இந்தத் தடவையும் அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். குப்பைத் தொட்டியைக் காட்டினார்.

"பன்னிய வளத்தது நானு. தொட்டிக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்று சீறியவள், பஸ் படியில் உட்கார்ந்து கறியை அரிந்தாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, அக்கா" என்றபடி மிலோயே முதல் துண்டை எடுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. நெனாத்.

"அம்மா, எங்க இருக்க?"

"எல்லையில. உன் பங்க பஸ்ஸே தின்னுக்கிட்டு இருக்கு."

"மறுபடியுமா? அடுத்த தடவையாவது நல்லா ஒளிச்சு வையேம்மா."

அவன் சொந்த ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது. இப்போது அவனிடம் ஆஸ்திரிய பாஸ்போர்ட் இருக்கிறது. டெசாங்கா கத்தியைத் துடைத்து மடக்கினாள்.

"இனிமே கொண்டுவர மாட்டேன்டா. மீதி நம்ம அடுப்படியில தொங்குது. கறியத்தான் எல்லை தாண்ட விட மாட்டேங்கறாங்க. உன்னை யாரு தடுத்தா?"