எனக்கென்று ஒரு நாக்கு

சிஹாம் மேடம் எங்கள் இருவர் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கசப்பு, காரம், பழ வாசனை என்று மூன்று வரிசையிலும் மப்ரூக்கா போட்ட கோடும் நான் போட்ட கோடும் அச்சாக ஒரே இடத்தில் விழுந்திருந்தன. "எட்டாவது வாரமா இதே கூத்து. ஆலிவ் எண்ணெயை ருசி பார்த்து முத்திரை குத்துற உரிமை நம்ம விவசாயிகள் சங்கத்துக்குக் கிடைக்கணும்னா எட்டு நாக்கு வேணும். எனக்குக் கிடைச்சிருக்கிறது ஏழுதான். இன்னைக்கும் ஒட்டிப் பிறந்த மாதிரி எழுதினீங்கன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

மப்ரூக்கா கலகலவென்று சிரித்தாள். "சிநேகிதின்னா அப்படித்தானே மேடம்? எங்களுக்கு வாயும் ஒண்ணு, வயிறும் ஒண்ணு!"

நானும் சிரித்து வைத்தேன். உண்மை எனக்குத்தானே தெரியும்! எங்கள் இருவருக்கும் நடுவில் பலகைத் தடுப்பு இருந்தால் என்ன, காதுக்கு ஏது தடுப்பு? நல்ல ஆலிவ் எண்ணெய் தொண்டையில் இறங்கும்போது காரம் குத்தும், இருமல் வரும். மப்ரூக்கா ஒரு தடவை இருமினால் காரத்துக்கு நான் பத்தில் நாலு போடுவேன். இரண்டு தடவை இருமினால் ஆறு. அவள் "ம்ம்" என்று மூச்சு விட்டால் பழ வாசனைக்குத் தாராளமாக எட்டு. என் நாக்கு என்ன சொல்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

கைரவானிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் நாள், என் கதவைத் தட்டியவள் அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக அவள் சொன்னதற்கெல்லாம் நான் ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பயந்து அல்ல. அவளோடு சேர்ந்து ஆமாம் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. அவளுடைய மஞ்சள் திரைச்சீலைக்கு ஆமாம், அவள் தம்பியின் பாட்டுக்கு ஆமாம், அவள் ஓட்டுப்போட்ட ஆளுக்கும் ஆமாம். ஆனால் இந்த எட்டு வாரத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சந்தைக்குப் போனால் எண்ணெயில் வரும் வாசனையா என்று தக்காளி இலையைக் கசக்கி முகர்கிறேன். பச்சைப் பாதாமைக் கடித்துவிட்டு நடுத்தெருவில் கண்ணை மூடி நிற்கிறேன். என் வீட்டுக்காரர் பைத்தியம் என்கிறார். எனக்கு ருசி பார்க்கும் குழுவில் அந்த நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். என் வயசில் முதல்முறையாக ஒன்று வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

குழாயடியில் கை கழுவும்போது மப்ரூக்கா என் இடுப்பில் கிள்ளினாள். "ஒரு ரகசியம்டி ஹயாத். இன்னைக்கு அஞ்சு கிண்ணத்துல ஒண்ணு எங்க வீட்டு எண்ணெய்! நான்தான் மேடம்கிட்ட பாட்டிலைக் குடுத்துச் சேர்க்கச் சொன்னேன். ஊரே தெரிஞ்சுக்கட்டும். நீ மோந்தாலே கண்டுபிடிச்சிருவே."

அன்று மேடம் என்னை மட்டும் பக்கத்து அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். போச்சு! இருமலும் இல்லை, "ம்ம்"மும் இல்லை. எதிரே ஐந்து நீலக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு தாள், நான். முதல் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். மூடியை எடுத்தேன். உறிஞ்சினேன். காத்திருந்தேன். அட, கசப்பு வந்தது! நாக்கின் அடியில் வந்தது! பிறகு காரம், பொறுமையாக, மிளகு மாதிரி. யாரும் சொல்லாமல் வந்தது. எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கடகடவென்று எழுதித் தள்ளினேன்.

நாலாவது கிண்ணத்தின் மூடியைத் தூக்கியதும் மப்ரூக்காவின் சமையலறை வந்து நின்றது. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பாடு, பிள்ளைகளின் கூச்சல், சுடச்சுட ரொட்டி. அதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. ஈரச் சாக்கு. மூட்டையில் கிடந்து புழுங்கிப்போன காயின் வாடை. யா அல்லா, இது எனக்குத் தெரியும்! இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்! தெரிந்துகொண்டேதான் ரொட்டியைத் தோய்த்துத் தின்று ஆமாம் போட்டிருக்கிறேன். பேனாவை வைத்துவிட்டேன். தாளை எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. எண்ணெயின் குறைக்கென்று இருந்த வரிசையில் பூஜ்யம் என்று போட்டுவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது? இன்னொரு வாய் உறிஞ்சினேன். பேனாவை எடுத்து, அந்த வரிசையில் ஆறில் கோடு போட்டேன்.

மேடம் வாசித்தார். "நாலாவது கிண்ணம். குறை, மூட்டையில புழுங்கின வாடை: மூணு, நாலு, நாலு, மூணு, அஞ்சு, நாலு. மப்ரூக்கா, பூஜ்யம். ஹயாத்..." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு."

மேடம் மேஜையில் தட்டினார். "எட்டு நாக்கு! வந்தாச்சு! ரெண்டு பேருமே இருங்க. சொந்த வீட்டு வாசனை யார் மூக்குக்கும் தெரியாது மப்ரூக்கா, அதுக்குத்தானே மத்த ஏழு பேர்" என்றார். மப்ரூக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தட்டை வழிச்சு நக்கினியேடி!" என்று தெருவில் நின்று கத்தினாள். "இத்தனை வருஷமா!"

"நீ ஊத்தினே, நக்கினேன்!"

"பொய்க்காரி! வேற என்னென்ன பொய்? சொல்லு, இப்பவே சொல்லு!"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தைரியம். "உன் மஞ்சள் திரை கண்ணைக் கூசுது! உன் தம்பி பாடுனா ஆடு கத்துற மாதிரி இருக்கு! நீ ஓட்டுப்போட்டவனுக்கு நான் போடவே இல்ல!"

"ஐயோ ஐயோ! அப்போ நானும் சொல்றேன் கேளு. உன் சிவப்பு மருதாணித் தலை இருக்கே, சகிக்கல! பத்து வருஷமா சகிக்கல!"

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"நீ அழுவே, அதான்."

எதிர்க்கடைக்காரர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கோபமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை.

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள், நானும் கூடவே போனேன். முற்றத்தில் முந்தாநாள் பறித்த ஆலிவ் காய் ஆறு மூட்டை அடுக்கியிருந்தது. "பத்து நாள் கிடக்கணும், அப்போதான் எண்ணெய் இறங்கும். எங்க மாமியார் வீட்டு வழக்கம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து முழங்கை வரைக்கும் கையை விட்டாள். நடுவில் காய் புழுங்கிச் சூடாக இருந்திருக்க வேண்டும். கையை உடனே வெளியே எடுக்கவில்லை. பிறகு மூட்டையின் வாயைக் கட்டிவிட்டு, "அந்த முனையைத் தூக்கு, மில்லுக்குப் போகலாம்" என்றாள். "நீ சொன்னதுக்காக இல்ல. நீ சொன்னது தப்புன்னு காட்டுறதுக்கு."

பக்கத்து வீட்டு வண்டியில் ஆறு மூட்டையையும் ஏற்றி, மில்லில் வரிசையில் நின்றவர்களிடம் சண்டை போட்டு, அன்று சாயங்காலத்துக்குள் ஆட்டிவிட்டோம். குழாயிலிருந்து பச்சைப்பசேலென்று எண்ணெய் இறங்கியது. மப்ரூக்கா ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து ஒரு துண்டை என் வாயில் திணித்தாள், ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"பேசாதே! திரும்பி நில்லு! என் மூஞ்சியைப் பார்க்காதே!"

அவள் முதுகில் என் முதுகை ஒட்டி நின்றேன். மில்காரரின் பேனாவைப் பிடுங்கி முதலில் நான் குறைக்கு என் மதிப்பெண்ணை இடது உள்ளங்கையில் எழுதினேன், பிறகு தோளுக்கு மேலே அவளிடம் நீட்டினேன். "என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார் அவர்.

"சும்மா இருங்க!" என்றோம் இருவரும்.

திரும்பினோம். மூடிய கைகள் இரண்டும் நேருக்கு நேர். அவள் உதட்டோரம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"நீ முதல்ல திற" என்றாள்.

"முடியாது. சேர்ந்து திறப்போம். ஒண்ணு..."

"ரெண்டு" என்றாள் மப்ரூக்கா.