மலைக்கு அப்பால் மன்னா விழுமா?

இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களிலும் என்னைவிடப் பெரிய விசுவாசி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பாளயத்தில் யாராவது ஒருவன் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

என் விசுவாசம் இவ்வளவு பளிச்சென்று தெரிந்ததற்குப் பக்கத்துக் கூடாரமும் ஒரு காரணம். அங்கே இருந்தவன் என் தங்கை செராகாளின் கணவன் யாலெயேல். விடியற்காலையில் எங்களுக்கு உணவாக வானத்திலிருந்து விழும் மன்னாவை அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு எடுத்து வைக்கக் கூடாது என்பது கட்டளை. இவன் வைப்பான். காலையில் பானையைத் திறந்தால் புழு நெளியும். நாற்றம் ரூபன் கோத்திரம் வரை போகும்.

"என்ன மச்சான், மந்தை பெருகிருச்சு போல? மேய்க்க ஆள் அனுப்பவா?" என்று வெளியே நின்று கேட்பேன். நாலு கூடாரத்துக்காவது கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க.

"நாளைக்கு விழலேன்னா பிள்ளைங்களுக்கு என்னத்தக் குடுக்கறது?" என்று பானைக்குள்ளேயே முணுமுணுப்பான்.

பாளயத்தில் தண்ணீர் வற்றி ஆடுகள் நாக்கைத் தொங்கவிட்டபோது, வடக்கே மலைக்கு அப்பால் கிணறு உண்டா என்று பார்த்துவர மூப்பர்கள் எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். என்னை விசுவாசத்துக்காக. அவனை, கழுதை அவனுடையது என்பதற்காக.

புறப்படும்போது மீதியானிய வணிகரிடம் வாங்கிய வறுத்த வாற்கோதுமையை ஒரு பை நிறையக் கழுதைமேல் ஏற்றினான்.

"அது எதுக்கு?"

"மன்னா பாளயத்தச் சுத்தித்தான மச்சான் விழுது? நம்ம ரெண்டு பேருக்குன்னு தனியா விழுமா?"

"விழும். நான் எங்க இருக்கேனோ அங்க விழும்."

"அண்ணே, பை இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் செராகாள். "உன் வாய்ப்பேச்சத் தின்னா அவருக்குப் பசியாறாது."

வழிநெடுக அந்தப் பையைப் பற்றியே பேசினேன். "இதுதான் உன் தெய்வம் மச்சான். அப்படியே ஒரு பலிபீடமும் கட்டிரு." அவன் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தான். சாயங்காலம் மலையடிவாரத்தில் தங்கினோம்.

விடிந்து பனி விலகியதும் தரையில் வெள்ளை வெள்ளையாக, சின்னச் சின்ன உருண்டையாக, மன்னா. சரியாக இரண்டு பேருக்கு. நான் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

யாலெயேல் மண்ணில் முகம்குப்புற விழுந்து அழுதான். பிறகு இருவருமாக அரைத்து, ஆளுக்கு மூன்று அப்பம் சுட்டோம். ஆளுக்கு இரண்டை அங்கேயே தின்றோம்.

நண்பகலில் உச்சியை அடைந்தோம். எதிரே, இன்னும் ஒரு நாள் நடைத் தூரத்தில், பேரீச்ச மரங்கள். பின்னால், கர்த்தர் எங்களோடு இருப்பதற்கு அடையாளமாக எப்போதும் பாளயத்தின்மேல் நிற்கும் மேகம், ஆட்டுக்குட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. அந்தப் பக்கம் இறங்கினால் அதுவும் மறைந்துவிடும். மேகம் கண்ணில் படாத இடத்தில் நான் பிறந்ததிலிருந்து ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை.

"மரம் இருக்குன்னு இங்கேருந்தே போய்ச் சொல்லிரலாமே மச்சான்" என்றேன்.

"மரத்தையா ஆடு குடிக்கும்? கிணத்துல தண்ணி இருக்கான்னு எட்டிப் பாக்க வேணாமா?" யாலெயேலின் முகம் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. "நீங்க சொன்னதுதான் மச்சான் சரி. எனக்குத்தான் இத்தன நாளா புத்தியில்ல."

சொல்லிக்கொண்டே பையை அவிழ்த்து, வாற்கோதுமை முழுவதையும் கழுதையின் முன்னால் கவிழ்க்கப் போனான்.

"ஏய், ஏய்!"

"என்ன மச்சான்?"

நேற்று முழுக்கப் பேசியது நான்தான்.

"மெதுவாக் கொட்டு. கழுதைக்கு விக்கும்."

விக்கவில்லை. எந்தச் சந்தேகமும் இல்லாமல் கடைசி மணி வரை தின்றது. யாலெயேலும் தன் மூன்றாவது அப்பத்தை முடித்து விரலை நக்கினான்.

"நீங்க சாப்பிடலையா?"

"நீ முன்னால நட. செருப்பு வாரக் கட்டிட்டு வர்றேன்."

அவன் கழுதையைப் பிடித்துக்கொண்டு, கைதட்டிப் பாடாத குறையாக இறங்கினான். நான் மேகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து, மூன்றாவது அப்பத்தை நடுவில் வைத்து, மறுபடி இறுக்கமாகச் சுற்றிக் கட்டினேன்.

செருப்பு வார் நன்றாகத்தான் இருந்தது.