கழுவப்பட்ட இரண்டு மில்லிகிராம்

1

2024 ஜூலை 9, செவ்வாய், காலை 10.40. உத்திரமேரூரை அடுத்த ஒரு தனியார் ஆய்வகத்தில் பிரிஸ்கில்லா சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தாள்.

காவாந்தண்டலம் போகும் பேருந்தில் இதை அவளே எனக்குச் சொன்னாள். கதையாக்கலாமா என்று கேட்டேன். "எய்துங்க சார். ஆனா என்ன அயுவ மட்டும் வெக்காதீங்க."

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அறியாமை இருளில் ஓர் ஏழைப் பெண்...’ (அடித்துவிட்டேன். ஏழு வருடமாக ஆய்வகக் கண்ணாடி கழுவுகிறவள், ஒன்றைக்கூட உடைத்ததில்லை.)

அவள் கண்ணுக்குக் குப்பி காலி. உண்மையில் அடியில் இரண்டு மில்லிகிராம் தடுப்பி* கண்ணுக்குப் படாத படலமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

*ஒரு நொதியை வேலைசெய்ய விடாமல் நிறுத்தும் சேர்மம். புற்றுச் செல்களில் சோதிப்பதற்காக ஆய்வாளர் நிஷா ஐந்து மாதம் காத்திருந்து வரவழைத்தது.

3

"அக்கா, இங்க இருந்த குப்பி எங்க?"

"கயுவிட்டேம்மா. காலியாத்தான கீது?"

நிஷா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரிஸ்கில்லாவின் கையில் சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் ஓட்டையையே பார்த்தாள். ஐந்து மாதம் அதன் வழியாகப் போயிருக்கிறது.

மேலாளர் ராஜாராம் வந்தார். "கேக்காம யாரு உன்ன கழுவச் சொன்னது?"

சுவரில் அறிவிப்பு இருக்கிறது: நீலத் தட்டில் வருவதைக் கேட்காமல் கழுவவும். எழுதியவள் நிஷா. அன்று காலை ஃபோன் பேசிக்கொண்டே காலிக் குப்பிகளோடு இதையும் நீலத் தட்டில் வைத்தவளும் நிஷாதான். பிரிஸ்கில்லா பார்த்திருந்தாள். இப்போது நிஷாவும் அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு அவள்...

(இந்த வாக்கியத்தை ஆறு முறை தொடங்கினேன். ஆறிலும் நிஷா உண்மையைச் சொன்னாள். ஆறையும் அடித்தேன்.)

4

முடிவு அ: கேமரா காட்டிக்கொடுக்கிறது. (கழுவும் இடத்தில் கேமரா இல்லை.)

முடிவு ஆ: பிரிஸ்கில்லா தைரியமாகச் சொல்லிவிடுகிறாள். (இது நடந்ததுதான். பேருந்தில் அவள் சொன்னது:)

"சொல்லாம இன்னா சார்? நீங்கதான வெச்சீங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். 'நான் வெக்கவே இல்ல'ன்னுட்டாங்க. தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணு வருசமா அக்கா அக்கான்னு என் டிபன் பாக்ஸ்ல கருவாடு துன்ன பொண்ணு சார்! வூட்டுக்கு வந்தா எங்க வூட்டுக்காரரு, ஜானு, நக்கல் வுடுறாரு: ‘குப்பியோட வேலையையும் சேத்துக் கயுவிட்டியா?’ன்னு."

முடிவு இ-க்கு இடம் விட்டிருக்கிறேன். நிஷாவை உண்மை பேசவைக்க உங்களால் முடிந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலை 15 அன்று பிரிஸ்கில்லாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். டிசம்பரில் நிஷாவுக்குப் புதுக் குப்பி வந்தது.