மாஸ்டருக்கு ஒரு ஹிப்னாடிசம்

"பேஷண்டின்டெ பேரு பறயூ சேச்சி."

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் மூன்றாவது தடவையாகப் பேரைக் கேட்டாள். செண்பகவல்லி வாயைத் திறக்கவில்லை. பைக்குள் கையை விட்டு ஆதார் கார்டை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். பின்னால் நின்ற வரிசை சிரித்தது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன! கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் புருஷன் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சங்கரன்கோவில் பக்கத்தில் அவளை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும். அந்தப் பேரில் பாதி சாமி பேராகவும் அமைந்துவிட்டதால், சாமியைக்கூட 'சங்கு சக்கரத்துக்காரரே' என்றுதான் கும்பிடுவாள்.

கார்டில் இருந்த பேர் வன்னியபெருமாள். மலையாளச் சீமையில், கழக்கூட்டம் ஹைவே ஓரத்து ஹோட்டலில் இருபது வருஷமாகப் பரோட்டா போடுகிறவர். போன ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், மாவை வீசிக்கொண்டிருந்த இடது கை திடீரென்று மரத்துப்போய்விட்டது. அரைமணி நேரம் கழித்துத்தான் உணர்வு வந்தது. பிரஷர் நூற்றுத் தொண்ணூறு.

டாக்டர் மழுப்பவில்லை. "இது எச்சரிக்கை. அடுத்த தடவை கை திரும்பி வராது. ஆளே வராமலும் போகலாம். மாத்திரை மட்டும் போதாது. பீடியை விடணும், கோபத்தைக் குறைக்கணும், நல்லாத் தூங்கணும். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

நல்ல ஆளிடம் சொன்னார் போங்கள்! நாளுக்கு ஒரு கட்டு பீடி, பன்னிரண்டு சாயா, எல்லாம் சேர்ந்த மனுஷன். முதல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பீடியை விட்டுப் பார்த்தார். நாலாம் நாள் ஒரு வாடிக்கையாளரிடம், "குருமா தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சுதான், நான் என்ன என் தலையையா அரைச்சு ஊத்த முடியும்?" என்று கத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வரிசையாக ஐந்து பீடி இழுத்தார்.

செண்பகவல்லி ஒரு ஐ.டி. கம்பெனியின் ஒன்பதாவது மாடியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். மத்தியானம் முதல் ராத்திரி வரை ஷிப்டு. அங்கே புதன்கிழமைதோறும் ரெம்யா என்று ஒரு மனநல டாக்டர் வருவாள். வேலை நெருக்கடியில் திணறுகிற பிள்ளைகளை நாற்காலியில் சாய்த்து, மெல்லப் பேசிப் பேசியே ஒரு மாதிரி மயக்கத்துக்குக் கொண்டுபோவாள். ஹிப்னாடிசமாம். உள்ளே போகும்போது போனில் குரைத்துக்கொண்டு போகிற பயல்கள், வெளியே வரும்போது எண்ணெய் தேய்த்துக் குளித்த முகத்தோடு வருவதை செண்பகவல்லி மாப்பும் கையுமாக நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள்.

"டாக்டரம்மா, பீடிக்கு இது கேக்குமா?"

ரெம்யா சிரிக்கவில்லை. மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். இது மந்திரமில்லை, மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, விடவேண்டும் என்று அவருக்கே தோன்றினால் இது கைகொடுக்கும், அவ்வளவுதான்.

"தோணுது டாக்டரம்மா. பாவம், கையைத் தூக்கித் தூக்கிப் பாக்கார்."

செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. காலையில் இரண்டு பேரும் ரெம்யாவின் கிளினிக்குக்குப் போனார்கள். வன்னியபெருமாள் சாய்வு நாற்காலியில் சலூனுக்கு வந்தவரைப்போல விறைப்பாக உட்கார்ந்தார். ரெம்யா தேன் மாதிரி மலையாளத்தில், தோள் தளர்கிறது, மூச்சு ஆழமாகிறது என்று பேச ஆரம்பித்தாள். இரண்டே நிமிஷம்தான். அவருடைய வலது கை நாற்காலிப் பிடியை அமுக்க ஆரம்பித்தது. பரோட்டா மாவு உருண்டையை அமுக்கித் தட்டுகிற அதே அமுக்கு!

"என்னத்தை டாக்டரே சொல்ல," என்று கண்ணைத் திறந்து அசடு வழிந்தார். "இருபது வருசமா எனக்கு மலையாளம்னாலே 'சேட்டா, நாலு பொறோட்டா'தான். காதுல விழுந்தா கை வேலைக்குக் கெளம்பிருது."

ரெம்யா வேறு வழி பார்த்தாள். மலையடிவாரத்துக் கல்லாற்றில், குளிர்ந்த தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கச் சொன்னாள்.

"போயிருக்கேன் டாக்டரே, ஹோட்டல் ஆள்களோட. அங்கயும் நான்தான் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் பரோட்டா போட்டேன்."

ரெம்யா யோசித்தாள். பிறகு செண்பகவல்லி பக்கம் திரும்பி, இதை நீங்கள்தான் செய்யவேண்டும் என்றாள். அவருடைய பாஷையில், அவர் நம்புகிற குரலில், வீட்டில் வைத்து. சொல்லவேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் பேரைச் சொல்லி அழைக்கவேண்டும். பிறகு பீடி ஆசை வரும்போதெல்லாம் அந்தப் பேரும் ஒரு நீண்ட மூச்சும் போதும், உடம்பு தானாகத் தளரப் பழகிவிடும்.

"பேரா!" செண்பகவல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்போ சேச்சி சேட்டனெ எந்தா விளிக்குன்னது?"

"ஏங்கன்னு கூப்பிடுவேன்."

"அது மதி," அதுவே போதும் என்றுவிட்டாள் ரெம்யா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்து, ஃபேனைக் குறைத்து, அவரைப் படுக்க வைத்தாள். குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். "ஏங்க..."

"என்ன, கேஸ் தீந்துருச்சா?" என்று தலையைத் தூக்கினார்.

"அதெல்லாம் இல்ல, படுங்க. ஏங்க, உங்க தோளு..."

"தண்ணி வரலையா?"

"ஏங்க, செத்த சும்மா இருங்க!"

"ஏட்டி, நீ ஏங்கன்னு கூப்பிட்டு என்னைக்கு என்னைச் சும்மா விட்டிருக்க?" என்று எழுந்தேவிட்டார். முகம் சிவந்துவிட்டது. வாசல்படியில் போய் உட்கார்ந்து ஒரு பீடியை வாயில் வைத்துத் தீக்குச்சியை உரசினார். பெட்டியைப் பிடித்திருந்த இடது கைக்குப் பிடிப்பு விட்டுப்போனது. பெட்டி நழுவிக் குச்சியெல்லாம் சிதறியது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பார்த்தார். அந்த விரல்களுக்கு ஒரு குச்சிகூடப் பிடிபடவில்லை.

செண்பகவல்லி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தாளே, ஆயுசு அதோ படியில் சிதறிக் கிடக்கிறதே! பேரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிடவா? சங்கு சக்கரத்துக்காரரே, மன்னிச்சிரும். தாலியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வன்னியபெருமாள்."

அவர் தெருவைப் பார்த்தார். ஊரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களோ என்று இரண்டு பக்கமும் தேடிவிட்டு, மெதுவாகத் திரும்பினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"வன்னியபெருமாள்... உங்க தோளு எறங்குது. வன்னியபெருமாள், உங்க கை கனமாகுது. வன்னியபெருமாள், மூச்சை நல்லா இழுத்து விடுங்க..."

அழுகை வந்தது, ஆனாலும் அவள் விடவில்லை. அவர் சுவரில் சாய்ந்து, அந்தப் பேருக்குப் பின்னால் ஏதாவது வேலை வரும் என்று காத்திருந்தார். எந்த வேலையும் வரவில்லை. சிலிண்டர் இல்லை, தண்ணீர் இல்லை, நாலு பரோட்டா இல்லை. கொஞ்சங்கொஞ்சமாகத் தோள் இறங்கியது. வாயில் இருந்த பீடி தானாக மடியில் விழுந்தது. பத்து நிமிஷம் அப்படியே இருந்தார்.

கண்ணைத் திறந்தபோது இமை ஓரம் நனைந்திருந்தது. "ஏட்டி, இந்த ஊருக்கு வந்த பெறகு ஒருத்தர்கூட இந்தப் பேரைக் கூப்பிடலையே. மாஸ்டர்ங்கான், அண்ணாச்சிங்கான். எனக்கே மறந்துபோச்சு."

அன்றிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்டுவிடாத குரலில்தான் கூப்பிடுவாள். நாளுக்கு ஒரு கட்டாக இருந்த பீடி பத்தாயிற்று, பத்து நாலாயிற்று. சாயா மூன்றுக்கு வந்து, அதுவும் சீனியில்லாமல் வந்தது. அதற்கு மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாசக் கடைசியில் பிரஷர் நூற்று ஐம்பது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, அந்த நாலும் போகவேண்டும் என்றார். "திங்கக்கிழமையில இருந்து ஒண்ணுகூட இல்ல," என்று வன்னியபெருமாள் வாக்குக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம், ஒன்பதாவது மாடியில் லிஃப்டுக்கு எதிரே செண்பகவல்லி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"ஏட்டி, பீடி வாயில இருக்கு. தீப்பெட்டி கையில இருக்கு. கூப்பிடு."

சுற்றிலும் முப்பது நாற்பது பிள்ளைகள். பக்கத்திலேயே தமிழ்க்கார சூப்பர்வைசர் ராஜபாய் அக்கா. செண்பகவல்லி சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"கேக்கல ஏட்டி, இங்க ஒரே சத்தம். சீக்கிரம்!"

தீக்குச்சி பெட்டியில் உரசுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. அவ்வளவுதான், மாப்பைக் கீழே போட்டாள்.

"வன்னியபெருமாள்!"

மாடியே திரும்பிப் பார்த்தது. லிஃப்டுக்குள் நின்ற பையன் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். போனில் ஒரு நீண்ட மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. இன்னொன்று.

"யாரு புள்ள அது?" என்றாள் ராஜபாய்.

"என் வீட்டுக்காரர் பேரு," என்றாள் செண்பகவல்லி. சொல்லும்போது அவள் தலை குனியவில்லை.

போனில் ஹோட்டல் இரைச்சல் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. "ஏட்டி, இன்னொரு தடவை கூப்பிடேன்."

"இன்னும் பீடியைத் தூரப் போடலையா?"

"அதை அப்பவே போட்டாச்சு."

"பெறகு எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் கூப்பிட்டாள்.